உள்ளங்கால் கணக்கு

உயரம் கேட்டால் எல்லோரும்
கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.
நான் கேட்பதில்லை.
ஷூவைக் கழற்றிச் சுவரோடு நிற்கச் சொல்வேன்.

சீட்ஸ்கெ வந்த சனிக்கிழமை
லேவார்டனில் ஆலங்கட்டி மழை.
இணையத்தில் வாங்கிய சைக்கிளை
அட்டைப்பெட்டியோடு இழுத்து வந்தாள்.
"சீட்டை இறக்கணும், அவ்வளவுதான்."
அதுவோ ஏற்கெனவே
தரைதட்டிய படகு.

கட்டத்தில் என்ன எண் போட்டீர்கள்?
நூற்று எழுபத்து நான்கு.
பாஸ்போர்ட்டில் இருக்கிறது,
முதல் பாஸ்போர்ட்டிலிருந்தே.

கெட்டி அட்டைப் புத்தகமொன்றைக்
கால்களுக்கிடையில் நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லிப்
பென்சிலால் கோடு கிழித்தேன்.
குதிகாலிலிருந்து எழுபத்தாறு.
தலைக்கு மேல் இன்னொரு கோடு:
நூற்று எழுபது.

"மிச்சம் நாலு?"
சில்லறை உருண்டுபோனதுபோல்
தரையைப் பார்த்தாள்.
அறுபத்து மூன்று வருஷத்துக்கு
நாலு சென்டிமீட்டர் அதிக வாடகையில்லை என்று
நாக்கு நுனிவரை வந்தது.
டேப்பைச் சுருட்டினேன்.

கடையில் நின்ற பச்சை வண்டி, ஐம்பது பிரேம்.
கால்வாய்ப் பாலம்வரை போனாள்.
சிக்னலில் இரண்டு பாதமும்
முழுசாய்த் தரையில்.
திரும்பி வந்து
ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னாள்.

பெட்டியைத் திருப்பியனுப்ப ஒட்டும்போது
பழைய உயரம் அச்சிட்ட தாளை மட்டும்
கிழித்தெடுத்துக்
கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.