வீட்டின் பெயர்

வாசல் கல்லில் ‘தேவதாரு இல்லம்’.
எழுத்துக்குள் பாசி.
காப்பீட்டுக்காக மரம் பார்க்க வந்த எலுனெட்
வேல்ஸ் மழையில் அண்ணாந்து நின்றாள்.

தேவதாரு என்றால்
ஊசிகள் கொத்துக்கொத்தாய் விரியும்,
கூம்புகள் கிளைமேல் முட்டைபோல் நிமிர்ந்து உட்காரும்.
இதற்கு ஊசியே கிடையாது.
தட்டையாய், பின்னிய சடைபோல் செதில்.
பட்டை நார்நாராய் உரிகிறது.

ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கசக்கி
க்வின்ஃபோரிடம் நீட்டினாள்.
அன்னாசி!
ஐம்பது வருஷமாக இதன் கீழ்தான் கார் நிறுத்துகிறார்;
ஒருநாளும் முகர்ந்ததில்லை.

படிவத்தில் ‘துஜா’ என்று எழுதினாள்.

கல்லை மாற்ற எவ்வளவு ஆகும் என்றார்.
மரத்தை மாற்றுவதைவிட மலிவு என்றாள்.

அவள் வண்டி கேட்டைத் தாண்டியதும்
இன்னொரு கொழுந்தைக் கிள்ளினார்,
எதிர்வீட்டு ஜன்னலை
ஒருமுறை பார்த்துக்கொண்டு.