பொதி

முர்காபில் பத்து மணிக்கு மின்சாரம் நின்றுவிடும்.
சபாராலியின் லாரி ஒன்பதுக்கே ஓஷுக்குக் கிளம்பிவிடும்.
இப்போது ஏழு நாற்பது.

மருத்துவமனையின் ஒரே கணினி
சாண எரு புகையும் அடுப்போரம் உட்கார்ந்து
மிச்சமிருக்கும் முப்பத்தெட்டு எம்பியை
எங்கோ ஒரு கடலோர நகரத்திலிருந்து
இழுத்துக்கொண்டிருக்கிறது.
நொடிக்கு நாலு கேபி.
இடையிடையே சைபர்.

எக்ஸ்ரே கருவி போன மாதமே வந்துவிட்டது.
வைக்கோலுக்கு நடுவே, கணவாய் ஏறி, கீறலில்லாமல்.
அது எடுக்கிற படத்தைத் திறக்கும் மென்பொருளுக்குத்தான்
வழி தெரியவில்லை.

நிறுவு என்றேன். துணைக்கு ஒரு பொதி கேட்டது.
துணை தன் துணையைக் கேட்டது.
கல்யாணத்துக்கு அழைக்கப் போன வீட்டில்
சின்ன மாமா வராமல் நான் வரமாட்டேன் என்பார்களே,
சின்ன மாமாவுக்கு அவர் சம்பந்தி வரவேண்டுமே,
அப்படி
அறுபத்தொரு பேர்.

முதல் இரவு நூற்றெழுபது எம்பி வந்தபின் விளக்குப் போனது.
மறுநாள் சைபரிலிருந்து தொடங்கியது.
சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பதெல்லாம்
சறுக்குவதற்கு மரமாவது இருப்பவர்கள் சொல்வது.
விட்ட இடத்தில் தொடரச் சொல்லும் ஒற்றை எழுத்தை
மூன்றாம் இரவில்தான் கண்டுபிடித்தேன்.
சிரித்தேனா அழுதேனா, நினைவில்லை.

இன்று ஐந்தாம் இரவு.
பெஞ்சில் டோலோன்.
யாக் ஒன்று விலாவில் முட்டியிருக்கிறது.
பாதி மூச்சோடு நிறுத்தி நிறுத்திப் பேசுகிறான்:
"ஆட்டுக்கு... இவ்வளவு... பார்க்கமாட்டோம்."
டாக்டர் பெர்மெத் கடிகாரத்தைப் பார்க்கிறார்.
நுரையீரலில் ஓட்டை என்றால் லாரியில் ஏற்ற வேண்டும்.
இல்லையென்றால் ஏற்றவே கூடாது,
அந்தச் சாலையே மிச்ச எலும்பை முறித்துவிடும்.
திரையில்: இரண்டு மணி நாற்பது நிமிடம்.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன்.
இந்த உயரத்தில் ஓடுவது என்றால்
நாலு அடி, நிற்பது, நாலு அடி.

கன்டெய்னர் கடையில் நூரிலா துருக்கித் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"கதாநாயகி விஷம் குடிக்கப் போகிறாள்" என்றாள். அணைத்தாள்.
பள்ளிச் சுவரோரம் நாலு பையன்கள், துப்பாக்கி விளையாட்டு.
செத்துப்போக ஒப்புக்கொண்டார்கள்.
ஜேன்பாய் யெகாதெரின்பர்கில் இருக்கும் மகனோடு பேசிக்கொண்டிருந்தார்,
வாரம் ஒருமுறைதான் பேசுவார்.
"இங்கே ஒருத்தனுக்கு மூச்சு வாங்குகிறது, வைக்கிறேன்."
அவ்வளவுதான்.
டயர்க்கடை குபாத் மட்டும்
"காசு கட்டியிருக்கிறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டான்.
நியாயம். அவன் பங்கு அவனுக்கு.

வழி நெடுக ஜன்னல்களில்
நீல வெளிச்சம் ஒவ்வொன்றாக அவிந்தது.
நான் தட்டாத வீடுகளிலும்.
யார் யாரிடம் சொன்னார்களோ.

திரும்பி வந்தபோது முப்பத்தொரு கேபி.
இந்த ஊரில் அந்த எண்ணை நான் பார்த்ததில்லை.
டோலோனின் விலாவை எண்ணுவதுபோல
பெர்மெத் சதவீதத்தை எண்ணினார்.
எட்டு முப்பத்தெட்டுக்கு அறுபத்தொன்றாம் உறவும்
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது.

படம் திறந்தது.
இரண்டு எலும்பில் முறிவு. நுரையீரல் முழுசு.
"வீட்டுக்குப் போ. தும்மாதே" என்றார் பெர்மெத்.

லாரி உறுமிக்கொண்டு நின்றது.
அறுபத்தொரு பொதிகளையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்து,
பிளாஸ்திரி ஒட்டி, கரகுல் மருத்துவமனை என்று எழுதி நீட்டினேன்.
அங்கேயும் அதே கருவி,
அதே மூடிய கண்.

சபாராலி கிலோக் கணக்கில்தான் கூலி வாங்குவார்.
"பொதி என்றாயே, எங்கே?"
உள்ளங்கையில் வைத்து
மேலும் கீழுமாக நிறுத்துப் பார்த்தார்.
ஐந்து இரவு, ஒரு ஊரின் அரைமணி நேரம்.

ஒன்றும் கேட்கவில்லை.
சட்டைப்பையில் போட்டு
பொத்தானை மாட்டிக்கொண்டார்.