குரலை வைத்துத்தான்

புளியறைச் சாவடியில் இரவு ஒன்றரை.
மலையிறங்கி வரும் வண்டிகளின் டயருக்கெல்லாம்
மருந்தடித்துக்கொண்டிருக்கிறோம்.
கோழி, வாத்து, முட்டை
எது வந்தாலும் திருப்பி அனுப்ப உத்தரவு.
மைதீன் பிச்சை பம்பைப் பிடிக்க
நான் பதிவேடு எழுதுகிறேன்.

செல்பேசி அதிர்ந்தது.
பத்திரத் தகராறுக்கு அப்புறம்
மூன்று வருஷம் கழித்து, ஜெபசிங்.
சுகமா என்றில்லை. அக்கா என்றுகூட இல்லை.
ஒரு படம். அடியில் நாலு சொல்:
இது என்ன குருவி, தெரியுமா?

தான்சானியாவில் சிமெண்ட் கம்பெனிக் கணக்கு பார்ப்பவன்
லீவில் சஃபாரி போயிருக்கிறான் போல.
படத்தில் முக்கால்வாசி வரிக்குதிரையின் பிட்டம்.
ஓரத்தில் ஒரு புல்தண்டு,
அதன் வளைவில்
நகத்தளவு தவிட்டுநிறம்.

கால்நடை ஆய்வாளர் என்றால்
இதுவும் தெரியும் என்று நினைப்பு.
எனக்குத் தெரிந்தது கோமாரி, வெள்ளைக்கழிச்சல்.
பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது.
முதுகில் இருப்பது கோடா, புல்லின் நிழலா?

"சிட்டுதான் மேடம், பொட்டை"
என்கிறார் மைதீன் பிச்சை.
திருப்பி அனுப்பிய கோபத்தோடே
ஆலப்புழை வாத்து வண்டிக்காரர்
போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.
"எந்தாயாலும் பாவம், மெலிஞ்சு போயி."

ஆப்பிரிக்கப் பறவைப் பட்டியலில்
இதே உடம்பு, இதே நிறம், நாற்பதுக்கும் மேல்.
குரலை வைத்துத்தான் பிரிக்க முடியுமாம்.
படத்துக்கு ஏது குரல்.

நாலாம் நாள் காலை, டூட்டி முடிந்து
சாவடிக்குப் பின்னால் முகம் கழுவும்போது
வயலிலிருந்து ஒன்று எழும்பி
நகவெட்டி மாதிரி ட்ஸிட், ட்ஸிட் என்று
காற்றில் ஏறியும் இறங்கியும் போய்
நெல் தாளில் உட்கார்ந்து வாலை விரித்தது.
நுனியில் வெள்ளை.

ஈரக்கையோடு படத்தைத் திறந்தேன்.
வரிக்குதிரையின் மிச்சக் கோடு என்று நான் விட்டுவிட்ட
அந்த வெள்ளைப் புள்ளி
வால்.

விசிறிவால் கதிர்க்குருவி. அங்கேயும் உண்டாம்.
தட்டினேன், அனுப்பவில்லை.
பெயரைச் சொன்னால்
"ஓ, சரி" என்று வரும்.
அதற்கப்புறம் இன்னொரு மூன்று வருஷம்.

அழித்துவிட்டு எழுதினேன்:
வால் தெளிவாயில்லை.
கத்தியதா? எப்படிக் கத்தியது?

அன்று ராத்திரி
தீவன லாரியின் எண்ணைப் பாதி எழுதியிருந்தபோது
அழைப்பு. எடுத்தேன்.
முதலில் காற்று மட்டும்.
ஒரு தொண்டைச் செருமல்.
பிறகு நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை
தயங்கித் தயங்கி
"ட்ஸிட்" என்றான்.