பரிந்துரைக்கப்பட்டவை

ஞாயிறு காலை ஒன்பதே முக்கால்.
அவிநாசி ரோட்டு மாலில், நான்காம் திரையில்
மொத்தம் பதினோரு பேர்.
இவர்களுக்காக ஏ.சி. போடுவதா வேண்டாமா என்று
யோசித்துக்கொண்டிருந்தது அரங்கம்.

விருதுக்குப் போன குறும்படங்கள், ஐந்து.
எதற்கு வந்தாய் என்றால்
பக்கத்துத் திரையில் டிக்கெட் இல்லை என்பேன்.
அது பாதி உண்மை.
நூற்றிருபது ரூபாய்க்கு ஐந்து கதை,
கதைக்கு இருபத்து நாலு.
திருப்பூர்க்காரிக்குக் கணக்கு தானாக ஓடும்.

முதல் படத்தில் ஒருவர் படகில் போனார்.
போய்க்கொண்டே இருந்தார்.
முடிந்துவிட்டது.
"அவ்வளவுதானுங்களா?" என்றது பின்வரிசை,
யாரையும் கேட்காமல்.

இரண்டாவதில் பேச்சே இல்லை. களிமண் பொம்மைகள்.
கண்ணைத் தொலைத்த ஒன்று
இன்னொன்றின் சட்டைப் பொத்தானைக் கடன் கேட்டது.
இரண்டு சீட் தள்ளி இருந்த ஒடிசாப் பையனும் நானும்
ஒட்டுக்காச் சிரித்தோம்.
பிறகு கூச்சப்பட்டு
ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

மூன்றாவதில் பனி.
பெயர் வாயில் நுழையாத ஊர்.
பேருந்து நிறுத்தத்தில்
அம்மாவுக்காக நிற்கிறான் ஏழு வயதுப் பையன்.
போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றி
நாய்க்குட்டிக்குப் போர்த்திவிட்டான்.
அரங்கில் மூக்குறிஞ்சும் சத்தம்.

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
கழுத்தைப் பார்த்தேன்.
ஒன் பை ஒன் ரிப்.
சாம்பல் துணியில் மஞ்சள் கோடு.
இடது தோள் மூட்டில்
கோடு ஒரு நூல் ஏறி நின்றது.

பதினெட்டாம் பெருக்கு ராத்திரி அது.
விடிந்தால் கன்டெய்னர். நாற்பதாயிரம் பீஸ்.
மூன்றாம் டேபிளில் நான், தெய்வாத்தாள், பரிமளம்.
கோடு சேராததற்கெல்லாம் சிவப்பு அம்பு ஒட்டி
ஒதுக்கி ஒதுக்கி
ஒதுக்கியது எங்களைவிட உயரமானபோது
சென்னியப்பன் வந்து நின்றார்:
"ஏனுங்க, குளிர்ல நிக்கற பையன்
தோளைத் திரும்பியா பாக்கப்போறான்?
போடுங்க, போடுங்க."
அம்புகளை உரித்துவிட்டுப்
போட்டோம்.

எங்கள் டேபிள்தான் என்று சத்தியம் பண்ணமாட்டேன்.
இந்த ஊரில் எத்தனை கம்பெனி,
எத்தனை மஞ்சள் கோடு.

பேருந்துச் சத்தம் கேட்டது.
பையன் திரும்பிப் பார்த்தான்,
இடது தோளுக்கு மேலாக.

அதன்பின் ஒரு சிறைச்சாலை வந்தது, ஒரு கல்யாணம் வந்தது.
எது நான்காவது, எது ஐந்தாவது என்று தெரியவில்லை.
விளக்கைப் போட்டார்கள்.
பாப்கார்னைக் கூட்ட ஆள் வந்தாயிற்று.

படியில் அந்த ஒடிசாப் பையன்,
கற்றுக்கொண்ட தமிழில்,
"அக்கா, எதுக்கு குடுப்பாங்க?" என்றான்.
பதிலுக்கு நான் கேட்டேன்:
"அந்தப் பனியில நின்னானே,
அவங்கம்மா வந்தாங்களா?"

நின்று என்னைப் பார்த்தான்.
"தூங்கிட்டீங்களா அக்கா?"

இல்லை, சோலியாக இருந்தேன் என்றேன்.