ஆற்றில் ஒரு கால்

கட்டிலுக்கு அடியில் இரண்டு ஜோடி பூட்ஸ்.
கறுப்பு, திங்கள் முதல் வெள்ளி வரை:
முகம் தெரிய மெருகேற்ற வேண்டும்.
மணல் நிறம், மாதத்தில் ஒரு சனி ஞாயிறு:
பாலிஷ் அதன்மேல் படவே கூடாது.

கிராண்ட் ஐலண்ட் போலீஸ் அகாடமியில்
எனக்குப் பதினோராவது வாரம்.
கியர்னி படைமுகாமில் ஆறாவது வருடம்.
நடுவே எண்பதாம் நெடுஞ்சாலை, ஒரு பெட்ரோல் பங்க்.
அதன் கழிப்பறையில் ஒற்றைக்காலில் நின்று
ஹவ்லிசெக் என்று தைத்த சட்டையைக் கழற்றி
ஹவ்லிசெக் என்று தைத்த இன்னொன்றை மாட்டுவேன்.
பெயர் மட்டும்தான் இரண்டிலும் ஒன்று.

வார நாட்களில் எதிரே நிற்பவர் 'நபர்'.
கையைக் காட்டுங்கள் என்போம். மறுபடி என்போம்.
மூன்றாம் முறையும் வாயால்தான் கேட்போம்.
பின்வாங்கினால்கூட மதிப்பெண் உண்டு.
வாரக்கடைசியில் அது 'இலக்கு'.
சத்தம் வந்த திசைக்கே ஓடு.
நின்று பேசுகிறவளுக்கு அங்கே ஒன்றுமில்லை.

ஒரு டிரில் முடிந்த திங்கட்கிழமை,
ஒத்திகை அறைக் கதவுக்குப் பின்னால்
குடிகார வேடத்தில் எஃப்ராயின் சல்டானா,
கையில் டிவி ரிமோட்.
வாய் திறக்குமுன் உடம்பு முந்திக்கொண்டது.
இரண்டு சாயக் குண்டு, நெஞ்சில், அருகருகே.
குறி தப்பவில்லை.
அதுதான் தப்பு.
எஃப்ராயின் தன் சட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
"உனக்கு இன்னும் ஞாயிற்றுக்கிழமையா?"
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
விளக்கை அணைத்த பிறகும் அந்த நீலம் காயவில்லை.

அன்றிரவோ மறுநாளோ, தூக்கக் கலக்கத்தில்,
மணல் நிற ஜோடியின் இடது காலுக்குக்
கறுப்புப் பாலிஷ் போட்டுவிட்டேன்.
சோப்பு, பல் துலக்கும் பிரஷ், கெட்ட வார்த்தை.
எதற்கும் மசியவில்லை.

மார்ச்சில் பனி உருகி, பிளாட் ஆறு கரையை உடைத்தது.
புதன் இரவு பதினொன்றுக்குப் படையிலிருந்து அழைப்பு.
வெள்ளிக்கிழமை போக்குவரத்துச் சட்டத் தேர்வு.
அகாடமி அலுவலகத்தில் குரலை உயர்த்தாமல் சொன்னார்கள்:
போகாதே என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை,
இந்த அணியோடு நீ முடிப்பாய் என்று சொல்லவும் முடியாது.

வியாழன். முட்டளவு ஐஸ் தண்ணீர்.
சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால்.
கறுப்பு எது மணல் எதுவென்று
சார்ஜென்டுக்கும் தெரியவில்லை, எனக்கும்.
தலைக்குமேல் ஊர் போகாத கொக்குகள் கத்திக்கொண்டு சுற்றின,
இறங்க மணல்திட்டு இல்லாமல்.

வான்கோழிக் கொட்டகையின் தகரக் கூரைமேல்
க்ரென்கே என்கிற ஆள். மடியில் துப்பாக்கி.
"உள்ளே உயிர் இருக்கு. வரமாட்டேன்."
படகு திரும்பியது. என் உடம்பு முன்னே சாய்ந்தது.
அது சாய்வதை நான் பார்த்தேன்.
அதுவரை ஒருநாளும் பார்த்ததில்லை.
கையைக் காட்டுங்கள் என்றேன்.
மறுபடி என்றேன்.
"நீ யாரம்மா, போலீசா, பட்டாளமா?"
நிஜமாகவே யோசித்தேன்.
"இன்னிக்கு வியாழக்கிழமை" என்றேன்.
அவருக்குப் புரிந்திருக்க நியாயமில்லை.
மூன்றாவதாகக் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.
"உயிரோடு எத்தனை இருக்கு?" என்று வாயில் வந்தது.
அவர் எண்ண ஆரம்பித்தார்.
விரல் விட்டு எண்ணக் கை வேண்டுமே,
துப்பாக்கியைத் தகரத்தின்மேல் வைத்தார்.
பத்து விரலே போதுமாக இருந்தது.

ஏப்ரலில், அடுத்த அணியோடு, மறுபடி முதல் வாரம்.
படிவத்தில் 'இடையில் நின்ற காரணம்', அதற்கு ஒரே கோடு.
தண்ணீர் என்று எழுதினேன்.

எஃப்ராயின் தேறிப் போய்விட்டான்.
என் அலமாரியில் பாதி டப்பா கறுப்புப் பாலிஷ்,
மேலே ஒட்டிய சீட்டில்:
"வலது காலுக்கு."
இன்னும் திறக்கவில்லை.
சனிக்கிழமை டிரில்.