சரீரப் பிணை

கொட்டாஞ்சேனைப் பொலிஸுக்கு
விடியற்புறம் மூன்றரைக்கு வந்தவர்
ஏன் அடித்தாய் என்று கேட்கவில்லை.
"இடதா, வலதா?" என்றார்.

இடது.

அப்பா கம்பிக்குள்ளால் கைவிட்டு
என் விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கிப் பார்த்தார்,
சந்தையில் வெண்டிக்காய் நுனி முறித்துப் பார்ப்பதுபோல.
ஒன்றும் முறியவில்லை.
"பெருவிரலை உள்ளுக்கு மடிச்சுக் குத்தினா முறியும் எண்டு
ஒருத்தரும் சொல்லித்தரேல்லையா?"

சொல்லித்தராதவர் அவர்தான்.
பெட்டைக்கு எதற்கென்று
தம்பியை மட்டும்தான் ஜிம்முக்குக் கூட்டிப்போனார்.
தம்பி இப்போது டோஹாவில்
கேக்குக்கு ஐசிங் போடுகிறான்.

எனக்கு முப்பத்தாறு வயது. ஒரு ஓட்டோ.
நாலு தவணை பிந்தியிருந்தது.
லீசிங்காரன் ருக்மல் ஏறியிருந்து
சாவியைத் திருப்பினபோது
பின் சீட்டில் மகளின் புத்தகப்பை கிடந்தது.
அவ்வளவுதான் தெரியும்.
தாடை இரண்டு இடத்தில்.

புதுக்கடை நீதிமன்றில்
"இரண்டு லட்ச ரூபா சரீரப் பிணை" என்று
மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னதும்
அப்பா சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு எழும்பினார்,
நிறை பார்க்கக் கூப்பிட்டதுபோல.

சரீரம்.
வேறென்ன இருந்தது அவரிடம் எப்போதும்?
மூக்கு மூன்று தரம். இடது காது பாதி.
துறைமுக அணியில் பதினொரு வருடம்
அதை அடிக்கக் கொடுத்த சம்பளத்தில்தான்
என் முதல் சப்பாத்து.
இப்போது அது நடுங்குகிறது.

லிகிதர் பேனையை நீட்டினார்.
அப்பாவின் கை கடதாசிக்கு மேலே
தும்பிபோல நின்றது. இறங்கவில்லை.
வரிசையில் யாரோ இருமினார்கள்.
கூண்டிலிருந்து நான்
எட்டு வரை எண்ணியிருப்பேன்.
ஒன்பதில் எழுதினார்:
எஸ். சந்தியோகு.
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப்போய்
முத்திரையின் மேல் விழுந்தது.

முறைப்பாட்டுக்காரரின் பக்கம் போகவே கூடாது
என்றார் சட்டத்தரணி.
"அது உனக்குத்தானே சொன்னது" என்றுவிட்டு
அன்று பின்னேரமே
ஆமர் வீதியில் பஸ் ஏறினார் அப்பா,
பெரியாஸ்பத்திரிக்கு.
கையில் பிளாஸ்க். சேர்ட் பையில்
மொத்தமான ஸ்ட்ரோ ஒன்று.
மெல்லிசு அடைத்துக்கொள்ளுமாம்.
எழுபத்தாறில் அவருக்குத் தாடை கட்டினபோது
ஸ்ட்ரோ ஏது, பப்பாசித் தண்டுதான்.
ஆறு கிழமை.

கோழியும் பருப்பும் அவித்து
பழைய வேட்டித் துண்டில் மூன்று தரம் வடிப்பார்.
நடுங்கும் கையால்
பாதி குசினி நிலத்துக்கு, பாதி பிளாஸ்க்குக்கு.

முதல் நாள் ருக்மல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.
பிளாஸ்க்கை வைத்துவிட்டு வந்தார்.
இரண்டாம் நாள் அவனுடைய தாய்
வார்டு முழுக்கக் கேட்க ஏசினாள்.
மிச்சம் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு
பிளாஸ்க்கை வைத்துவிட்டு வந்தார்.
மூன்று, நாலு பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
போன கனத்திலேயே திரும்பி வந்தது பிளாஸ்க்.

"வழக்கைப் பற்றிக் கதைச்சீங்களா?"
"பசியில கிடக்கிறவனிட்ட
என்னத்தக் கதைக்கிறது?"

ஓட்டோ இன்னும் பேலியகொடை யார்ட்டில்
மழையில் நிற்கிறது. தவணை ஐந்தாகிவிட்டது.
புத்தகப்பையை மட்டும் திருப்பித் தந்தார்கள்,
சான்றுப்பொருள் இல்லையாம்.
மகள் அதைச் சுமந்துகொண்டு நடந்து போகிறாள்.
வழக்கு அடுத்த மாதம் பதினாறு.

இன்று ஆறாம் நாள்.
சப்பாத்தைக் கழற்றாமலே
குசினிக்குள் போன அப்பா
பிளாஸ்க்கைத் தலைகீழாய்ப் பிடித்தார்.
ஒரு சொட்டு விழவில்லை.

"நாளைக்கு
உப்புக் கொஞ்சம் குறைக்கட்டாம்" என்றார்.