பிழை திருத்தம்

கொக்குவில் சந்தி, மருந்துக்கடை மாடி.
நான் அங்கே கல்வெட்டு அடிக்கிறவள்.
கல்லுமில்லை, வெட்டுமில்லை;
முப்பத்தோராம் நாளுக்கு முன்னம்
முப்பத்திரண்டு பக்கம்.
அட்டையில் குத்துவிளக்கு, உள்ளே தேவாரம்,
பிறகு அழுகிறவர்களின் பெயர் வரிசை.

வைகாசியில் ஒரு நாள்
சைக்கிள் கடை அரியகுட்டியர் வந்தார்.
மைத்துனர் போய்விட்டாராம்.
வெண்பா தானே எழுதினதாம்.
கொப்பித் தாளில் நாலு வரி,
கிறீஸ் விரலடையாளத்தோடு.
இரண்டாவது வரியில்
ஞிமிறு.

துக்க வீட்டுக்காரர், கேட்கக் கூச்சம்.
நானே "திமிரு" என்று திருத்தி அடித்துவிட்டேன்.

மறுநாள் புறூவ் பார்க்க வந்தவர்
கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார்.
"பிள்ளை, அந்தாளுக்குத் திமிர் இருந்தது உண்மைதான்.
ஆனால் நான் எழுதினது வண்டை."

அவர் படியிறங்கினதும் போனில் அகராதியைத் திறந்தேன்.
ஞிமிறு: வண்டு, தேனீ.

ஒருக்கால் வாய்விட்டுச் சொன்னேன்.
அண்ணத்தில் ஒட்டி, மூக்குக்குள் ஏறி,
றுகரத்தில் எழும்பிப் பறந்துவிட்டது.
ஞாயிறு, ஞானம், ஞாபகம்
மூன்று பேருக்கு மட்டும் வாடகைக்கு விட்ட வீடென்று
நினைத்திருந்தேன் அந்த எழுத்தை.
பின்கதவால் போனால்
ஞெண்டு கிடக்கிறது.
குருநகரில் கிலோக் கணக்கில் வாங்கிக்
குழம்பு வைத்தவள் நான்,
பெயர் கேட்காமலே ஓடுடைத்திருக்கிறேன்.

மெசின் சூடாகும் வரைக்கும் இன்னும் ஒரு பக்கம்.
எல்லி: பகல்.
கீழே, அதே சொல்லுக்கு:
இரவு.
பிழையோ என்று மூன்று தரம் பார்த்தேன்.
அந்நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
யன்னலில்லாத மாடி, பகல் பன்னிரண்டு மணி,
கும்மிருட்டு.
தனிய இருந்து சிரித்தேன்.
கீழே மருந்துக்கடைப் பெடியன்
"என்னக்கா?" என்று கூப்பிட்டான்.
"ஒண்டுமில்லை, எல்லி" என்றேன்.
"ஆர் எல்லி?"

கரண்ட் வந்ததும் வெண்பாவுக்கு வண்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
அதன் அடியில் சிவப்புக் கோடு நெளிந்தது.
அகராதியில் சேர்க்கவா என்று கொம்பியூட்டர் கேட்டது.
சேர்.

அடுத்தது நாவற்குழிச் சாமத்திய வீட்டுக் காட்.
நாள், நேரம், மண்டபம்,
அன்பளிப்பைத் தவிர்க்கவும்.
எல்லாம் தெரிந்த சொற்கள்.
எழுத்தெழுத்தாய்ப் பார்க்கிறேன்,
ஒரு பிழையாவது இருக்காதா என்று.